மாஸ்டர் மிதித்த பிரேக்

"புது ஷூ வாங்கப் போறோம்" என்று மகளிடம் சொன்ன அடுத்த நொடியே மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது.

ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்துப் பழகியதால், பயம் எங்கே வந்தாலும் அந்தக் கால் தானாக அழுந்தும். இப்போது வந்திருப்பது ஊசிப் பயம். ஊசி என்னவோ பதின்மூன்று வயது மகளுக்குத்தான். பயம் முழுக்க இவருக்கு.

மனைவி வேலைக்குக் கிளம்பும்போதே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"எங்க அக்காவைப் பறிகொடுத்தது போதும். இன்னைக்கு அந்த எச்.பி.வி. தடுப்பூசியைப் போட்டே ஆகணும். சாக்குச் சொன்னீங்க, நடக்கிறதே வேற."

"நான் எப்ப சாக்குச் சொன்னேன்?"

அவள் மகளின் பையில் ஒரு ஜூஸ் பாக்கெட்டை வைத்து, "மயக்கம் வந்தா உதவும்" என்றாள். மாஸ்டர் பாக்கெட்டை உற்றுப் பார்த்தார். மயக்கம் வேறு வருமா?

ஊசி எதற்கென்று மகளிடம் சொல்லலாம் என்றால், 'கர்ப்பப்பை' என்ற சொல் தொண்டையைத் தாண்டி வர மறுத்தது. அதனால்தான் ஷூ.

சொன்ன பொய்க்குக் கடைக்குள் நுழையாமல் முடியுமா? மகள் இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"சரிப்பா, வந்த வேலை முடிஞ்சுது. வீட்டுக்குப் போலாம்."

மாஸ்டர் திருதிருவென்று விழித்தார்.

"இல்லம்மா... அப்பாவுக்கு ஒரு ஊசி போடணும். சும்மா துணைக்கு வாயேன்."

"துணைக்குன்னா ஐஸ்கிரீம் ஆகும்."

ஐஸ்கிரீமும் ஆயிற்று.

மருத்துவமனையில் ஊசி போடும் அறையில், சுவரோரமாக ஒரு கட்டில். புதிதாக விரிப்பு விரித்து, தலையணையைத் தட்டி வைத்திருந்தார்கள்.

"கட்டில் எதுக்கு சிஸ்டர்?"

"படுக்க வேண்டி வரும்" என்றார் நர்ஸ், மருந்துக் குப்பியை எடுத்தபடி.

ஆளையே சாய்க்கிற ஊசியா? மாஸ்டரின் கால் மறுபடி அழுந்தியது. அந்த நேரம் பார்த்து மகள் வாயைத் திறந்தாள்.

"சிஸ்டர், ஊசி அப்பாவுக்குத்தான். நான் துணைக்கு வந்தேன்."

நர்ஸ் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார். "அப்படியா? சட்டைக் கையை மடிச்சு விடுங்க சார்."

மாஸ்டர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "இன்னைக்கு வேணாம் சிஸ்டர். அடுத்த வாரம் வரோம்" என்று மகளை இழுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார்.

அங்கே போனதும் கால் நகரவில்லை. மனைவியின் அக்கா நினைவுக்கு வந்தாள். அவளும் அவரிடம் கார் கற்றுக்கொண்டவள்தான். "எல்லாத்துக்கும் பிரேக் போட்டா எப்படி மாஸ்டர்?" என்று சிரிப்பாள். நோயைக் கண்டுபிடித்தபோது கைமீறிப் போயிருந்தது. மாஸ்டர் திரும்பி வந்து மகளை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"பொய் சொல்லிட்டேன்மா. ஊசி உனக்குத்தான். பெரியம்மாவுக்கு வந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்" என்று ஒரே மூச்சில் சொன்னார். "பெரும்பாலும் அதுக்குக் காரணம் ஒரு வைரஸ். சில பேருக்கு உடம்பைவிட்டுப் போகாம, பல வருஷம் சத்தமே இல்லாம உள்ளேயே இருக்கும். அது தொத்துறதுக்கு முன்னாடி, சின்ன வயசுலயே தடுப்பூசி போட்டுக்கிட்டா நல்ல பாதுகாப்பு. பள்ளத்துல விழுந்தப்புறம் பிரேக் மிதிச்சு என்ன பண்றது?"

மகள் ஒரு கையை நர்ஸிடம் நீட்டினாள். இன்னொரு கையால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அந்தப் பக்கம் பாருங்கப்பா."

மாஸ்டர் இந்தப் பக்கமே பார்த்தார். ஊசி மூடியிலிருந்து வெளியே வந்தது. அவர் கால் அழுந்தியது. இந்தத் தடவை காலுக்கடியில் நிஜமாகவே ஒரு பெடல் இருந்தது, குப்பைத்தொட்டியினுடையது. மூடி படாரென்று எழும்பிச் சுவரில் மோதியது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

அந்தக் கட்டிலில் கண் விழித்தபோது வாயில் ஒரு ஸ்ட்ரா இருந்தது. மறுமுனையில் ஜூஸ் பாக்கெட்டைப் பிடித்தபடி மகள் நின்றாள், புது ஷூவோடு.

"எப்பம்மா போடுவாங்க?"

"போட்டாச்சுப்பா."

"வலிச்சுதா?"

"எறும்பு கடிச்ச மாதிரி. போன தடவையும் அப்படித்தான் இருந்துச்சு."

"போன தடவையா?"

நர்ஸ் தலையணையைச் சரிசெய்தபடி சொன்னார்: "முதல் டோஸுக்கு வந்தப்பவே இவங்க அம்மா சொல்லிட்டுப் போயிட்டாங்க சார், 'ரெண்டாவது டோஸுக்கு இவ அவங்க அப்பாவைக் கூட்டிட்டு வருவா, ஊசியை இவளுக்குப் போடுங்க, கட்டிலை அவருக்குப் போடுங்க'ன்னு."