பதினேழாண்டுத் திட்டத்தின் எட்டாவது பொருள்

மனிதகுலம் எத்தனையோ திட்டங்களைக் கண்டிருக்கிறது. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், தன் முப்பத்தோராம் வயதில், எத்தனையாவது மாடியில், எந்தத் திசை பார்த்து நின்றுகொண்டு தன் முதல் நோயாளியின் இதயத்தைத் திறப்பாள் என்பதுவரை தீர்மானித்த திட்டம் உலகிலேயே ஒன்றுதான். அது அட்டவணையார் வீட்டுக் கூடத்துச் சுவரில் இருந்தது.

அட்டவணையார் என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். திட்டப் பிரிவில் கண்காணிப்பாளர். அவர் திட்டமிட்ட பாலம் ஒன்று, ஒன்பது ஆண்டுகளாக ஆற்றின் இரு கரையிலும் கம்பீரமாக நிற்கிறது. நடுப்பகுதி மட்டும் பரிசீலனையில் இருக்கிறது. இப்படிப்பட்ட அனுபவசாலி, பெற்ற மகளை மட்டும் தற்செயலுக்கு விட்டுவிடுவாரா?

பதினோரு சார்ட் தாள்களை ஒட்டித் திட்டம் எழுந்தது. அதற்கு வழிவிட்டு, காலண்டரும் கல்யாணப் போட்டோவும் சமையலறைக்குக் குடிபெயர்ந்தன. பள்ளிக்கு மஞ்சள், மருத்துவக் கல்லூரிக்குப் பச்சை, அறுவை சிகிச்சைக்குச் சிவப்பு. அடியில் நான்கு கையெழுத்துக் கட்டங்கள். தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்ற மூன்றிலும் அவரே கையெழுத்திட்டார். ‘பரிந்துரைத்தவர்’ கட்டத்தில் மனைவி போட்டாள். அப்போது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்ததால் எதைப் பரிந்துரைக்கிறோம் என்று அவள் படிக்கவில்லை.

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு ஆய்வுக் கூட்டம். தலைவர் அவர். செயலாளர் மனைவி, குறிப்பேடு அவள் கையில். மகளுக்கும் பதவி உண்டு: ‘பயனாளி’. நிகழ்ச்சி நிரலில் எட்டாவது பொருள், ‘பயனாளியின் கருத்து (நேரமிருப்பின்)’. முப்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக நேரமில்லை. ஏழாவது பொருளான ‘தலைவர் உரை’ அவ்வளவு செறிவாக அமைந்துவிடும்.

திட்டத்தின் மணிமகுடம் விரல் பாதுகாப்பு விதிகள். அறுவை நிபுணரின் விரல் நாட்டின் சொத்து. எனவே பயனாளி காய் நறுக்கக் கூடாது, பென்சில் சீவக் கூடாது, வாலிபால் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. கத்தி, கத்தரிக்கோல், ஊசி மூன்றும் இருபத்து நான்கு வயது வரை தடை செய்யப்பட்டன.

“ஆரஞ்சுகூட நான்தான் உரிச்சுக் குடுக்கிறேன்” என்றாள் செயலாளர் ஒருநாள். “நாளைக்கு ஆபரேஷனுக்கும் நானே போகணுமா?”

இது கூட்டத்தின் கண்ணியத்துக்குப் பொருந்தாததால் குறிப்பேட்டில் ஏறவில்லை.

முப்பத்து மூன்றாவது ஞாயிறு, மகள் மடியில் ஒரு படிவத்தோடு வந்து உட்கார்ந்தாள். பள்ளியில் தச்சுப் பயிற்சி வகுப்பு தொடங்குகிறார்கள். வகுப்பறையில் ஆடிக்கொண்டிருந்த பெஞ்சை யாருக்கும் தெரியாமல் அவள் சரிசெய்ததைப் பார்த்துவிட்டுத் தச்சு ஆசிரியரே கூப்பிட்டுக் கொடுத்த படிவம். பெற்றோர் கையெழுத்தோடு மறுநாள் காலை சேர வேண்டும். தப்பினால் அடுத்த வருஷம்தான். மரம் இழைக்கும் இழைப்புளியைப் பிடித்துப் பார்க்க அவள் கை துடித்தது. எட்டாவது பொருளுக்காகக் காத்திருந்தாள்.

அன்று தலைவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். இருபத்தேழு வயதுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவே வெளிநாட்டுப் பயிற்சியைச் செருக வேண்டும். அதற்குத் தாளை வெட்ட வேண்டும். பயனாளி பிளேடைத் தொடக் கூடாது. செயலாளர் வெட்டினால் கோணும். ஆகவே தலைவரே ஸ்டூல் மேல் ஏறி, இடது கையால் தாளை அழுத்திப் பிடித்து, ஒரே இழுப்பாக இழுத்தார். தாளோடு கட்டைவிரலும் திருத்தம் பெற்றது.

திட்டப்படி இரத்தம் மகளின் இருபத்து நான்காம் வயதில்தான் வர வேண்டும். அது பத்து ஆண்டுகள் முன்னதாகவே வந்து சொட்டியது. அலுவலக வரலாற்றில் அவருடைய எந்த வேலையும் இவ்வளவு முன்கூட்டி முடிந்ததில்லை.

தலைவர் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் சுத்தமான துண்டை எடுத்துக் காயத்தில் அழுத்தி, கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் பதற்றமே இல்லை.

“உன் விரல் பத்திரம்மா” என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு.

இரண்டு தெரு தள்ளி இருந்த ஆஸ்பத்திரியில் அறுவை டாக்டரம்மா பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். காயத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு தையல் போதும் என்றார். இப்படி ஒரு நிபுணர் நேரில் கிடைத்ததும் அட்டவணையாருக்கு வலி மறந்துபோயிற்று. அறுவை நிபுணராவதை எந்த வயதில் திட்டமிட்டீர்கள் என்று கேட்டார்.

“திட்டமா? பத்தாவது வரைக்கும் எங்க மாமா சைக்கிள் கடையில பங்க்சர் ஒட்டிக்கிட்டிருந்தேன். அப்புறம்தான் வேற யோசனையே வந்துச்சு.”

அட்டவணையார் மனைவியைப் பார்த்து, பங்க்சரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். மகளின் திட்டத்தில் ஞாயிறு நாலிலிருந்து ஐந்துவரை இடமிருந்தது. பதற்றத்தில் கைப்பைக்குப் பதிலாகக் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருந்ததால் அவளும் குறித்துக்கொண்டாள்.

பிறகு நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினாள். அட்டவணையார் அதன் இரண்டு பக்கத்தையும் படித்தார். ஊசி எத்தனை, வலிக்குமா, தழும்பு நிற்குமா, நூல் தானாகக் கரையுமா என்றெல்லாம் கேட்டார். கடைசியாக, வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டா என்றும் கேட்டார்.

“தாராளமா. உங்க விரல்தானே? நீங்க சரின்னு சொல்லாம நான் ஊசியையே எடுக்க மாட்டேன்.”

அட்டவணையார் நெகிழ்ந்துபோனார். “இதுதாங்க முறை. கேக்காம ஒருத்தர் மேல கைவைக்கக் கூடாது. செயலாளர், இதையும் எழுதிக்கோ.” பிறகு வலது கையால் கம்பீரமாகக் கையெழுத்திட்டார்.

மகள் அவரது இடது கையை இன்னும் உயர்த்திப் பிடித்தபடியே நின்றிருந்தாள்.

“அப்பா, ரெண்டு தையலுக்கு இவ்வளவு கேள்வி கேட்டீங்க. என்னோட பதினேழு வருஷத்தைச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கீங்களே, அதுல என் கையெழுத்து எங்கப்பா இருக்கு?”

அட்டவணையார் வாயைத் திறந்தார். இந்த முறை நேரமில்லாமல் போனது ஏழாவது பொருளுக்கு. டாக்டரம்மா கையுறையைப் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தார். மகள் இடுப்பில் செருகியிருந்த தச்சுப் படிவத்தை மறுகையால் எடுத்துச் சம்மதப் படிவத்தின் மேல் வைத்தாள். அட்டவணையார் அதையும் இரண்டு பக்கம் படித்தார். ரம்பம் என்ற சொல்லில் கொஞ்சம் நின்றார். கேள்வி எதுவும் கேட்காமல் கையெழுத்திட்டுவிட்டு, ‘மாணவி’ என்றிருந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்துப் பேனாவை அவளிடம் கொடுத்தார்.

செயலாளர் யாரும் சொல்லாமலே குறிப்பேட்டைத் திறந்து எழுதினாள்: “பொருள் எட்டு. பயனாளியின் கருத்து முதன்முறையாகக் கேட்கப்பட்டது. அதற்குத் தலைவரின் கட்டைவிரல் அறுபட வேண்டியிருந்தது.”