எட்டாம் கட்டத்துச் செவ்வாய்

அன்பின் மச்சான் ஞானேந்திரன் அவர்களுக்கு,

மொன்றியலின் இல்-பிசார் தீவிலிருந்து அருளம்பலம் எழுதிக்கொள்வது. முருகன் கிருபையால் நான் சுகம், உங்கள் தங்கை கௌரி சுகம், மகள் துஷாந்தினியும் சுகம். மூவரும் மூன்று நாளாக ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை, அதைத் தவிர வேறு குறை இல்லை. ஸ்காபரோவில் நீங்களும் உங்கள் வெள்ளை மீசையும் குளிர்படாமல் இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. போன கிழமை தொலைபேசியில் இரண்டு கேள்வி கேட்டீர்கள். துஷாந்தினியின் கலியாணம் தையில் உறுதிதானா என்பது ஒன்று. நீங்கள் எங்கள் வீட்டில் விட்டுப்போன பாட்டு றெக்கோட் பத்திரமாக இருக்கிறதா என்பது மற்றது. இரண்டுக்கும் ஒரே பதில்தான்: இல்லை. இரண்டும் ஒரே ஆளால், ஒரே காரணத்தால் போயின. அந்த ஆள் நான் என்று கௌரி சொல்கிறா. வாசித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அட்டையில் மழையில் நனைந்த நாயொன்று தண்டவாளத்தில் நிற்குமே, அந்தத் தட்டை நீங்கள் கும்பிடாத குறையாக வைத்திருந்தீர்கள். அதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: ஒருவர் விடிய எழும்பி, மனைவி போய்விட்டாள் என்கிறார். மறுபடியும் அதையே சொல்கிறார். மூன்றாம் தரம்தான் ஏன் போனாள் என்பது வருகிறது. ஐம்பது வருடமாகக் கிற்றார் தூக்கியவன் எல்லாம் இந்தக் கோஷ்டியிடம்தான் அழப் பழகினான் என்று நீங்கள் சொன்னபோது, எங்கள் வீட்டில் அதற்குத் தட்டுத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இனிக் குற்றத்துக்கு வருகிறேன். பிள்ளையின் சாதகக் குறிப்பில் எட்டாம் இடத்தில் செவ்வாய் என்பது உங்களுக்குத் தெரியும். அது புருஷனுக்கு ஆகாது என்று முதல் நாலு வருடமாக வந்த சம்பந்தமெல்லாம் வாசலோடு திரும்பியது. கடைசியில் நீங்கள்தான் சொன்னீர்கள், "மச்சான், செவ்வாயைத் தூக்கிப் பதினோராம் வீட்டில வையுங்கோ. பதினொண்டில எந்தக் கிரகமும் கெடுதல் செய்யாது" என்று. முப்பது வருடம் துறைமுகத்தில் கொள்கலன்களை இங்கிருந்து தூக்கி அங்கே வைத்தவனுக்கு ஒரு கிரகம் என்ன பாரம்? புதுத் தாளில் அப்படியே எழுதினேன். பழைய குறிப்பை எறிய மனம் வரவில்லை. பெயரும் திகதியும் இருந்த தலைப்பை வெட்டிவிட்டு, கட்டங்களை மட்டும் உங்கள் நாய் அட்டைக்குள் ஒளித்து வைத்தேன். இந்த வீட்டில் ஒருவரும் திறக்காத இடம் அதுதான். மூன்று கோடைக்கு முன் வாசலில் பழைய சாமான் விற்றபோது, குதிரைவால் கட்டிய கிழவர் ஒருவர் ஒரு மேசை விளக்கை வாங்க, கௌரி உங்கள் தட்டையும் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டா. எனக்குத் தெரிந்தபோது கிழவர் பாலம் தாண்டிவிட்டார். உங்களுக்குச் சொல்லப் பயந்து இருந்துவிட்டேன்.

பேந்துதான் நல்ல காலம் வந்தது. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஜெகதீஸ்வரி அக்காவின் மகன் மிதுசன், செயற்கைப் பல் செய்கிற வேலை, பொழுதுபோனால் கிற்றார். பொருத்தம் பார்த்தார்கள், பொருந்தியது. இரண்டு பேரும் நாலு மாதம் கதைத்துப் பழகினார்கள். ஏழு வருடத்தில் முதல் தடவையாகப் பிள்ளை "ஓம் அப்பா" என்றாள். அன்றைக்கு நான் நிலக்கீழ் அறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன், ஒரு தரம் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகனும் முகூர்த்த நேரம் பார்க்கக் குறிப்போடு வந்தார்கள். வந்தவர்கள் குளிரக்கூடாதென்று கௌரி ஹீற்றரை முறுக்கிவிட்டிருந்தா. வீடு வன்னி வெயில்போலக் கொதித்தது. பெடியன் பாவம், வேர்த்து ஒழுகி, கடைசியில் ஸ்வெற்றரைக் கழற்றினான். உள்ளே புது ரீசேட். அதன் நெஞ்சில் பன்னிரண்டு கட்டம். ராசிக்கட்டம், மச்சான். என் மாமி, உங்கள் அம்மா, தன் கையால் எழுதிய என் பிள்ளையின் கட்டம்.

"இது என்னடா மோனே?" என்றா ஜெகதீஸ்வரி அக்கா.

அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. சந்தோஷமாக விளக்கினான். "அம்மா, இது உலகத்திலயே பேமஸ் ஆன றெக்கோட் ஒண்டுக்குள்ள இருந்த ரகசியப் பேப்பர். மொன்றியலில ஒரு கிழவர் கண்டுபிடிச்சு இன்ரநெற்றில போட்டவர். இந்த மாதிரிப் பாட்டெல்லாம் பன்னிரண்டு கட்டமாத்தான் சுத்திச் சுத்தி வரும். அந்த மியூசிக் பாண்ட் இந்தியாவுக்குப் போய் இதை எழுதினது எண்டு சொல்லினம். இப்ப எல்லாரும் இதைப் பாத்துத்தான் வாசிக்கினம். நானும் ரெண்டு வருசமா வாசிக்கிறன்."

அக்கா கட்டத்தை உற்றுப் பார்த்தா. கைப்பையைத் திறந்து நான் அனுப்பிய குறிப்பை எடுத்தா. மகனைச் சுவரோரம் நிமிர்ந்து நிற்கச் சொல்லி, தாளை அவன் நெஞ்சுக்குப் பக்கத்தில் பிடித்து, கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்தா.

"அண்ணை, எல்லாம் இருந்த இடத்திலயே இருக்கு. செவ்வாய் மட்டும் மூண்டு வீடு நடந்திருக்கு."

"பிள்ளை பிறந்து முப்பத்திரண்டு வருசம், ஒரே இடத்தில இருக்குமோ அக்கா?" என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதென்று தெரிந்தது.

துஷாந்தினி எழும்பி வந்தாள். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. என்னைப் பார்க்கவில்லை. அவனைத்தான் கேட்டாள், "எட்டாவது கட்டம் வரேக்க என்ன செய்வீங்கள்?"

"அதிலதான் எல்லாரும் ஒரு கணம் நிப்பாட்டுவம். அதில இருக்கிற அந்த எழுத்துக்காக. பாட்டின்ர உயிரே அங்கதான்" என்றான் பெடியன்.

ஒருவருக்கும் காட்டாமல் நாங்கள் மறைத்த இடம். பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அக்கா கௌரி பொரித்து வைத்த றோல்ஸைத் தொடாமல், மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மருமகளுக்கென்று கொண்டுவந்த சேலையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டா. வாசலில் பெடியன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். செய்தது நான், அனுபவிக்கிறது பிள்ளை.

ஆகவே மச்சான், ரெயில் ரிக்கெட்டை ரத்துச் செய்யுங்கள். மண்டபத்துக்கு நான் சொல்லிவிடுகிறேன். றெக்கோட்டுக்கு மன்னியுங்கள். மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. முருகன் உங்களுக்குத் தீர்க்காயுளும் எனக்குக் கொஞ்சம் புத்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
அருளம்பலம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரம் ஜெகதீஸ்வரி அக்காவின் தொலைபேசி. கனநேரம் இருமினா. பிறகு, "அண்ணை, எங்கட மிதுசனுக்கும் எட்டிலதான் செவ்வாய். நாங்களும் பதினொண்டுக்குத்தான் மாத்தினனாங்கள்" என்றா. இரண்டு பக்கமும் எட்டில் இருந்தால் தோஷமில்லையாம், இதைவிடப் பொருத்தம் தேடினாலும் கிடையாதாம். துஷாந்தினி என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறாள், கௌரி பால் காய்ச்சுகிறா. ஆகவே மேலே எழுதியதெல்லாம் பொய், ரிக்கெட்டை வைத்திருங்கள். ஒன்று மட்டும். அந்தப் பதினோராம் வீட்டு யோசனையைத் தனக்குச் சொன்னவர், ஸ்காபரோவில் யாரோ ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட வெள்ளை மீசைக்காரராம். ஆளைக் கண்டால் நாலு கேள்வி கேட்க வேண்டுமாம், எனக்குத் தெரியுமா என்று கேட்டா. தெரியாது என்றேன். வரும்போது மீசையை எடுத்துவிட்டு வாருங்கள்.