ஆறு கப் அன்னாசி

"ஆறு கப்பு அன்னாசின்னு சொல்றியே, ஒரு கப்புன்னா எத்தினி கிராம்?" என்று கேட்டார் ஆபிரகாம்.

கட்டிலில் படுத்திருந்த ஜூடித், மாவுக்கட்டுப் போட்ட வலது கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். "கப்புன்னா கப்புதாங்க. ரொப்பினா ஒரு கப்பு."

குளியலறையில் வழுக்கி விழ அவளுக்கு வேறு வாரம் கிடைக்கவில்லை. மறுநாள் மாரிகுப்பம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது, வருடாவருடம் முதலில் போவது ஜூடித்தின் அன்னாசி ஜாம்தான். இந்த வருடம் ஜாம் இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"நான் செய்யறேன். உன் ருசி ஒரு துளி மாறாது," என்று வாக்குக் கொடுத்திருந்தார் ஆபிரகாம். தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பையெல்லாம் ஓர் அளவாக அவர் மதிப்பதில்லை. இதற்கென்றே டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வந்திருந்தார்.

நறுக்கிய அன்னாசியைக் கப்பில் போட்டு நிறுத்தார். நூற்றைம்பது கிராம். கப்பைத் தட்டினார், துண்டுகள் இறங்கி இடம் விட்டன. மேலும் போட்டார். நூற்று எண்பது. கட்டைவிரலால் அழுத்தி, இன்னும் போட்டார். இருநூற்றுப் பத்து.

"ஜூடித், தட்டணுமா, அழுத்தணுமா?"

"நான் இன்னா, மைன்ஸ்ல கல்லா ரொப்பறேன்? போடுங்க, அவ்ளோதான்!"

கோளாறு துண்டுகளுக்கு நடுவே இருக்கும் காற்றில்தான் என்று ஆபிரகாம் கண்டுபிடித்தார். காற்றை ஒழிக்க அன்னாசியை மிக்ஸியில் அரைத்தார். இப்போது கப்புக்கு இருநூற்றைம்பது கிராம். எத்தனை முறை நிறுத்தாலும் மாறவில்லை. அவருக்கு ஏக மகிழ்ச்சி. ஆனால் ஆறு கப்புக்கு வீட்டில் இருந்த பழம் போதவில்லை. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்கு ஓடினார்.

சர்க்கரை அவருக்குத் தகராறு கொடுக்கவில்லை. மூன்று கப் எடுத்து, ஒவ்வொன்றின் தலையையும் ஸ்கேலால் வழித்து, நிறுத்துப் போட்டார்.

அடுப்பில் வைத்தது ஜாமாகவில்லை. கொதித்தது, அவ்வளவுதான். கெட்டியாகட்டும் என்று இன்னும் பழம் அரைத்து ஊற்றினார். பாத்திரம் பொங்கி அடுப்பு அணைந்தது. பக்கத்து வீட்டுத் தங்கம்மாவிடம் பிரியாணி அண்டாவை வாங்கி அதில் மாற்றினார். அண்டாவில் ஜாம் கொஞ்சமாகத் தெரிந்தது. மேலும் பழம் அரைத்து ஊற்றினார்.

மறுநாள் காலை, சர்ச் மணி அடிக்கும் நேரத்தில், ஜூடித் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள்.

"இன்னாங்க இது? இனிப்பே இல்ல. புளிக்குது. சாய்ச்சா ஓடுது. இது ஜாமா, ரசமா?"

"கிராம் கணக்கு சரியாத்தான் கீது."

"ருசி எங்க போச்சு?"

ருசியை நிறுக்க ஆபிரகாமிடம் தராசு இல்லை. ஜூடித் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தினி வருஷம் எடுத்த பேரு. ஒரே நாள்ல முடிச்சிட்டீங்க."

திருத்த நேரமில்லை. பாட்டில்களைக் கூடையில் அடுக்கித் தூக்கிக்கொண்டு, மனைவியின் பின்னால் நடந்தார்.

ஏலத்தில் வழக்கம்போல ஜாம்தான் முதலில் போயிற்று. ஆபிரகாம் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வெளியே மரத்தடியில் யாரோ மூடியைத் திறக்கும் சத்தம். பிறகு இன்னொரு மூடி. யாரோ "பன்னு இருக்குதா?" என்று கேட்டார்கள். அவருக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

அதற்குள் தங்கம்மா ஒரு பாட்டிலோடு எதிரே வந்து நின்றாள். வழித்துத் துடைத்தது போலக் காலி பாட்டில். கொட்டிவிட்டாள் போலிருக்கிறது.

"மன்னிச்சுக்கம்மா," என்றார் ஆபிரகாம். "ஜூடித் செய்யற மாதிரியே வரணும்னுதான் பாடுபட்டேன். வரல."

தங்கம்மா, ஜூடித் பக்கத்தில் இருக்கிறாளா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு விரலில் ஒட்டியிருந்ததை நக்கிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நல்லவேளை வரலண்ணா! இத்தினி வருஷம் அக்கா மனசு நோகக்கூடாதுன்னு வாங்கினோம். இந்த வருஷந்தான் தின்னோம்."