மாமனாருக்குத் தெரியாத வளையம்

"தெரியலையே, மாப்பிள்ளை."

தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே மாமனார் சொன்னார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த மாப்பிள்ளைக்குப் பகீரென்றது. இப்போதுதானே அவரே பார்த்தார்! சனிக் கிரகம் வளையத்தோடு ஜம்மென்று நின்றது. சந்தோஷத்தில் மொட்டை மாடியென்றும் பாராமல் ஒரு குதி குதித்திருந்தார்.

மாமனார் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை. "வளையம் தெரியலைன்னா இந்தக் குழாய் பரணுக்குப் போயிடணும்" என்று காலையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மனைவியும் அப்பா கட்சி.

"கிரகம் நகர்ந்திருக்கும் மாமா. திருப்பி வைக்கிறேன்."

திருப்பி வைத்தார். தெரியவில்லையாம்.

"கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்களேன்."

"கழட்டினா குழாயே தெரியலை. நீங்க போட்டுக் கொடுத்த கண்ணாடிதானே இது?"

கடைக்காரரின் மானம் கப்பலேறியது. எல்லாம் பக்கத்து வீட்டு விளக்கால் வந்த வினை என்று முடிவு கட்டி, ஓடிப்போய் அணைக்கச் சொன்னார். அணைத்தார்கள். அணைத்த கையோடு, என்னதான் நடக்கிறதென்று குடும்பத்தோடு மாடியேறி வந்து வரிசையில் நின்றார்கள்.

இன்னும் பெரிதாகக் காட்டும் லென்ஸை மாட்டினார். கிரகம் முன்னைவிட வேகமாக நழுவி ஓடியது. பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினால், மாமனாருக்கு முதுகு வலி. நாற்காலி போட்டார். நாற்காலியின் கால் இடித்துத் தொலைநோக்கி வேறெங்கோ திரும்பியது. வியர்க்க விறுவிறுக்க மறுபடி வானம் முழுக்கத் தேடினார்.

"இப்ப?"

"ம்ஹூம்."

"சார், நாங்க ஒரு தடவை..." என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"இருங்க சார். எனக்கே இன்னும் தெரியலை!"

அதற்குள் சனி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் மறைந்தது. பக்கத்து வீட்டார் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். மாமனாரும் கீழே போய்விட்டார். கடைக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. பரணை நினைத்துக்கொண்டு தொலைநோக்கியின் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார்.

நாற்காலியை எடுக்க மேலே வந்த மாமியார் பதறிப் போனார்.

"ஐயோ, அதை ஏன் கழட்டுறீங்க மாப்பிள்ளை? அவருக்கு முதல் தடவையே தெரிஞ்சிடுச்சாம்! தெரியுதுன்னு சொன்னா அடுத்தவங்களுக்கு இடம் விடணுமேன்னுதான் அப்படிச் சொன்னாராம்!"