கருவி எண் இரண்டு

அந்தத் தொழிற்சாலையில் தூசி கிடையாது. நிர்வாகமே அப்படி அறிவித்திருந்தது. ஆகவே, மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி இரும்புக் குழாய்களின் துருவை உரிக்கும் மாவண்ணன், மாலையில் வெள்ளை வெளேரென்று வெளியே வருவது அவருடைய சொந்த விஷயம்.

அவருடைய நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டர், "இன்னும் ஒரு வருஷம் இந்தத் தூசியை இழுத்தீங்கன்னா மாடிப்படி ஏற முடியாது" என்றார்.

குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் தலைமூடி கேட்டு மாவண்ணன் மூன்று வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தார். இதுவரை கிடைத்தது, 'மூச்சு உங்கள் சொத்து' என்று ஒரு சுவரொட்டி. அதுவும் தூசி படிந்து 'மூச்சு' வரைக்கும்தான் தெரிந்தது.

இந்த முறை மேலாளர் மனம் இரங்கினார். "முதல்ல தூசி இருக்கான்னு அளப்போம்" என்று ஒரு தூசிமானி வாங்கி, மாவண்ணன் பக்கத்தில் வைத்தார். மூன்றாம் நாள் அது மூச்சடைத்து நின்றுபோனது.

அவசரக் கூட்டம் கூடியது. 'கருவியைத் தூசி படாமல் பாதுகாக்கவும்' என்று கையேட்டில் தெளிவாகவே இருந்தது. மறுநாளே புதுத் தூசிமானியும் தலைமூடியும் வந்தன. மூடிக்குள் சொகுசாக உட்கார்ந்து தூசிமானி பூஜ்யம் காட்டியது.

"ஐயா, அது நான் கேட்ட மூடி!"

"அதுக்கு வாரண்டி இருக்கு. உங்களுக்கு இருக்கா?"

மாவண்ணன் நேரே ஸ்டோர் அக்காவிடம் போனார்.

"அக்கா, இங்க கருவின்னா என்ன?"

"வேலை செய்யணும். பதிவேட்டுல எண் இருக்கணும். அவ்வளவுதான்."

"வேலை செய்றேன். எண்தான் இல்ல."

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதிவேட்டில் தூசிமானிக்கு அடுத்த வரியில் எழுதினார். மாவண்ணன் சட்டை முதுகில் 'கருவி எண் 2' என்று ஏறியது. பதிவேட்டை மீறினால் தணிக்கையில் மாட்ட வேண்டிவரும் என்பதால் மேலாளர் மூடிக்குக் கையெழுத்துப் போட்டார்.

"கருவி சாப்பிட வருமா, இல்ல எண்ணெய் விடணுமா?" என்று வீட்டில் கேட்டாள் மனைவி. மாவண்ணன் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு, சிரிப்புக்கு நடுவில் இருமல் வரவில்லை.

வெல்டர் மூன்றானார். பெயிண்டர் நான்கானார். ஒரே மாதத்தில் பட்டறையில் மனிதர்கள் தீர்ந்துபோனார்கள்.

தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். "தொழிலாளர் எத்தனை பேர்?"

"ஒருத்தரும் இல்ல சார். எல்லாம் கருவி" என்றார் மேலாளர். கருவிகள் மூடிக்குள்ளிருந்து வணக்கம் சொல்லின.

'மனிதர் எவரும் இல்லாததால் பாதுகாப்புச் சட்டம் இங்கு பொருந்தாது. திருப்தி' என்று எழுதினார் ஆய்வாளர்.

"அப்போ ஞாயித்துக்கிழமையும் ஓட்டலாமா சார்?"

"கருவிதானே? தாராளமா."

மூடிகளுக்குள் முகங்கள் தொங்கிப்போயின. அந்த நேரம் பார்த்து ஆய்வாளருக்கு இருமல் பிடித்தது. மேலாளருக்கும் தொற்றியது. பட்டறையில் வெறுந்தலையோடு நின்றவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

கண்ணில் நீர் வழிய ஸ்டோர் ஜன்னலுக்கு ஓடினார்கள். "அம்மா, எங்களுக்கும் ஆளுக்கு ஒரு எண்!"

அக்கா இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பதிவேட்டை மூடினார்.

"மன்னிக்கணும் சார். ஏதாவது வேலை செஞ்சாத்தான் கருவி."