சோபாவுக்குப் பின்னால் ஒரு அமெரிக்கா

அமெரிக்காவைப் பற்றி அமெரிக்க ஜனாதிபதிக்கே தெரியாத விஷயங்கள்கூட எங்கள் தாராவி சந்தில் ஒருவருக்குத் தெரியும். அவரிடம் பாஸ்போர்ட் கிடையாது. விமானத்தை வானத்தில் பார்த்ததோடு சரி. ஆங்கிலத்தில் ‘எஸ்’, ‘நோ’, ‘நோ சிக்னல்’ என்ற மூன்றும் தெரியும். அவரைத்தான் நாங்கள் அமெரிக்கா அண்ணாச்சி என்று கூப்பிடுகிறோம். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கக்கூடும், நான் பார்த்ததில்லை.

தொழில், கேபிள் டிவி. நாசரேத் பக்கத்திலிருந்து வந்து, கூரை கூரையாகத் தாவி வயர் இழுத்தவர். எந்த வீட்டில் யார் எந்த சீரியலுக்கு அழுவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். கேபிள்காரர் என்பதால் அவர் வீட்டில் எல்லா சேனலும் ஓசி. சந்தே மாமியார் மருமகள் சண்டையில் மூழ்கியிருந்த நாட்களில் அண்ணாச்சி மட்டும் ஆங்கில சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டு.

“சத்தம் இல்லாம என்னத்த அண்ணாச்சி வெளங்கும்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பேசுதவன் பொய் சொல்லுவான்டே. செவரு பொய் சொல்லுமா? நான் ஆளைப் பாக்கல, வீட்டைப் பாக்கேன்.”

இப்படி வருடக்கணக்கில் வீட்டையே பார்த்துப் பார்த்து அவர் ஒரு முழு அமெரிக்காவைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அந்த ஊரில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. சாப்பிட உட்காருவார்கள், ஆனால் சாப்பிட்டு முடித்ததாகச் சரித்திரமே இல்லை. ஏழைகள் உண்டு, அதை அவர் மறுக்கமாட்டார். ஆனால் அந்த ஏழைகளின் தரமே வேறு.

“ஓட்டல்ல காப்பி ஊத்திக் குடுக்கால்லா ஒரு புள்ள, அவ வீட்டுக்குள்ள நம்ம சந்துல பாதிய அடக்கிரலாம். ஒருத்தன் வேல போயி அழுதுட்டே வாறான். வந்து ஃபிரிட்ஜைத் தொறக்கான். பால் மட்டும் அஞ்சு டப்பா. கஷ்டப்படுத வீட்டுலயும் உள்ளுக்குள்ள மாடிப்படி கெடக்கு. நீயும் நானும் மாடிக்குப் போகணும்னா ஏணியத் தேடணும்.”

ஆனால் இதெல்லாம் சில்லறை. அவருடைய மகத்தான கண்டுபிடிப்பு சோபா. நம் ஊரில் சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடுகிறோம். அமெரிக்காவில் நடு ஹாலில் போடுகிறார்கள். பின்னால் ஆள் தாராளமாக நடந்து போகலாம். ஒருவன் பணக்காரனா இல்லையா என்பதை அறிய அவன் சம்பளத்தைக் கேட்க வேண்டாம், சோபாவுக்குப் பின்னால் நடக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும் என்பது அண்ணாச்சி சித்தாந்தம்.

சித்தாந்தம் இருந்தால் போதுமா, கடைப்பிடிக்க வேண்டாமா? பத்துக்குப் பதினைந்து அடி வீட்டில், ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்பு, சோபாவை இழுத்து நட்டநடுவில் போட்டார். அன்றிலிருந்து அலமாரி பாதிதான் திறக்கும். அவர் மனைவி, எங்களுக்கு மதினி, குழம்புச் சட்டியோடு பக்கவாட்டில் நடக்கப் பழகிக்கொண்டார். உட்காருபவர்களின் கால் டிவியை உதைக்கும். விருந்தாளி யார் வந்தாலும் முதலில் சோபாவை ஒரு சுற்று சுற்ற வேண்டும், பிறகுதான் காபி. ஜெபத்துக்கு வந்த பாஸ்டர் கொஞ்சம் கனத்த உடம்பு. சோபாவுக்கும் அலமாரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். இழுத்துப் பார்த்தோம், வரவில்லை. மனிதர் பெரிய மனதுக்காரர், அங்கேயே நின்று ஜெபத்தை முடித்துவிட்டார். அதற்குள் வியர்த்து இளகி வெளியே வந்தார்.

அமெரிக்கா போகிறவர்கள் அண்ணாச்சியிடம் ஆலோசனை கேட்டுவிட்டுத்தான் பெட்டி கட்டுவார்கள். விக்ரோலிப் பையன் ஒருவன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனான். ஜமுக்காளம், வாளி எல்லாம் எடுத்து வைத்திருந்தான். அண்ணாச்சி எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார். “ஒவ்வொரு வீட்டுலயும் விருந்தாளிக்குன்னே ஒரு ரூம்பு சும்மா கெடக்கும். வாளியத் தூக்கிட்டுப் போயி மானத்த வாங்காத.” பையன் ஒரு மாதம் வெறுந்தரையில் கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்ததாகச் செய்தி வந்தது. அண்ணாச்சி கலங்கவில்லை. “பய வேற எங்கயோ எறங்கிட்டான்” என்று முடித்துவிட்டார்.

இதையெல்லாம் நாங்கள் சிரித்துக்கொண்டே கேட்டுவந்தோம். அவர் மகள் ஜெசிக்குக் கல்யாணம் பேச ஆரம்பித்தபோதுதான் சிரிப்பு நின்றது.

மாப்பிள்ளையைச் சொன்னவன் நான். மாட்டுங்காவில் என் அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவரின் மகன் டேனியல். செம்பூர் பையன், நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. ஜெசி பிசியோதெரபிஸ்ட், முதுகு வலிக்காரர்களை அதட்டியே நடக்க வைக்கிறவள். இருவரும் மூன்று மாதம் போனில் பேசினார்கள். ஜெசி ஒருநாள் என்னிடம், “சித்தப்பா, எனக்கு டேனியைப் பிடிச்சிருக்கு. எப்பா ‘சரி’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்” என்றாள். ஜெசி எதையும் எளிதில் பிடித்திருக்கிறது என்று சொல்கிற ரகம் இல்லை. அமெரிக்க மாப்பிள்ளையை அமெரிக்கா அண்ணாச்சி எப்படி மறுப்பார் என்று நானும் தைரியமாக இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வீடியோ கால் போட்டோம். திரையில் டேனியல் ஒரு சோபாவில் உட்கார்ந்தபடி வந்தான். நல்ல முகம், படிய வாரிய தலை. அண்ணாச்சி வழக்கம்போல் ஆளைப் பார்க்கவில்லை. அவன் காதுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பார்த்தார். ஒரு கயிறு தெரிந்தது. கயிற்றில் இரண்டு பனியன் காய்ந்துகொண்டிருந்தது. எங்கோ குக்கர் விசில் அடித்தது.

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “தம்பி, எந்திரிச்சு அந்த சோபாவுக்குப் பின்னால கொஞ்சம் நடங்க பாப்பம்.”

டேனியல் திரும்பிப் பார்த்தான். “பின்னால சுவர்தான் இருக்கு மாமா.”

அந்த நேரம் பார்த்து, உள்ளேயிருந்து அவனுடைய அறைத்தோழன் ஒருவன் இந்தியில் கத்தினான். “பானி ஆ கயா!”

தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் காரியம் போய்விட்டது. அண்ணாச்சி என் கையிலிருந்த போனை வாங்கி, மரியாதையாக “வச்சிருதேன் தம்பி” என்று சொல்லி அணைத்தார்.

“பய இங்கன பக்கத்துல கோவண்டில இருக்கான்” என்றார்.

“என்ன அண்ணாச்சி சொல்லுதிய? நியூ ஜெர்சி நம்பர்லா அது?”

“நம்பர் கெடக்கட்டும். தண்ணி வந்துட்டுன்னு ஒருத்தன் கத்துதான். அமெரிக்காவுல தண்ணி வருமாடே? அங்கன அது பாட்டுக்கு இருக்கும்லா. நம்ம பம்பாய்லதான வந்துட்டுப் போகும்.”

“அவன் சன்னல்ல பாத்தியளா, வெளிய இருட்டு. இங்க பகலு. அங்க ராத்திரி. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?”

“கறுப்புத் துணியக் கட்டுனா கோவண்டிலயும் ராத்திரிதான்.”

ஜெசி எழுந்து அடுக்களைப் பக்கம் போனாள். நாலே எட்டுதான், ஆனால் சோபாவைச் சுற்றித்தான் போக வேண்டும். அவள் முகத்தை எல்லோரும் பார்க்கும்படி ஆயிற்று. எனக்கு அண்ணாச்சி மேல் முதன்முதலாகக் கோபம் வந்தது.

அடுத்த ஞாயிறு என்னையும் இழுத்துக்கொண்டு, குர்லாவில் வண்டி மாறி, கோவண்டிக்குக் கிளம்பினார். பானி ஆ கயா என்று கத்தியவனின் குரல் அவர் காதில் பதிந்திருந்ததாம். தண்ணீர் வரும் நேரத்தில் ஒவ்வொரு கட்டடத்தின் கீழும் நின்று கேட்டால் அகப்பட்டுவிடுவான் என்பது திட்டம். ஏழு மணிக்கு நின்றோம். ஏழேகாலுக்குத் தண்ணீர் வந்தது. கோவண்டி முழுக்க அத்தனை மாடியிலிருந்தும் ‘பானி ஆ கயா’ கேட்டது. ஆண் குரல், பெண் குரல், ஒரு கிளிகூடச் சொன்னது. இரண்டு பேர் மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு எங்களைத் தண்ணீர் ஆபீஸ்காரர்கள் என்று நினைத்துவிட்டார்கள். நாற்காலி போட்டு, டீ கொடுத்து, நான்காவது மாடிக்கு வேகம் போதவில்லை என்று மனு கொடுத்தார்கள். அண்ணாச்சி மனுவை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மனுவைப் பார்த்ததும் ஜெசிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. “எப்பா, நாளைக்கு நான் லீவு. ஒரு எடத்துக்குப் போவோம். சித்தப்பா, நீங்களும் வாங்க” என்று மட்டும் சொன்னாள்.

கோரேகாவில் ஒரு ஸ்டுடியோ. அங்கே மேனேஜராக இருப்பவருக்கு ஜெசியிடம்தான் தோள்பட்டை வைத்தியம். அவர் எங்களை ஒரு பெரிய கொட்டகைக்குள் விட்டார். உள்ளே ஒரு பங்களா. ஏதோ இந்தி சீரியலில் வரும் கோடீஸ்வரர் வீடு. பளபளவென்று மாடிப்படி. நட்டநடுவில் சோபா. அதற்குப் பின்னால் நான்கு பேர் கைகோத்து நடக்கலாம். அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. கோயிலை வலம் வருவதுபோல் அந்த சோபாவை ஒருமுறை சுற்றினார். சுற்றி வந்தவர் சுவரில் கை ஊன்றினார். சுவர் ஆடியது.

விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். டப் டப் என்று பிளைவுட் சத்தம். பின்பக்கம் போய்ப் பார்த்தார். முட்டுக்கொடுத்த மரச்சட்டங்கள். மாடிப்படியில் ஏறினார். பதினோராவது படியோடு வீடு முடிந்துவிட்டது. அங்கிருந்து பார்த்தால் கூரை இல்லை, விளக்குகள்தான் தொங்கின. நான்காவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கேமராவும் பிளாஸ்டிக் நாற்காலிகளும். ஆட்கள் வடாபாவ் தின்றுகொண்டிருந்தார்கள்.

சோபாவை ஏன் நடுவில் போட்டிருக்கிறார்கள் என்று விளக்குக்காரர் ஒருவரிடம் இந்தியில் கேட்டார். கேமரா சுற்றி வர வேண்டாமா சாச்சா, சுவரோடு ஒட்டிப் போட்டால் எங்கே நின்று எடுப்பது என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆயிரக்கணக்கான டிவிப் பெட்டிகளைப் பின்பக்கம் கழற்றிப் பார்த்த மனிதர் அண்ணாச்சி. அந்தப் பெட்டிக்குள் தெரியும் வீட்டின் பின்பக்கத்தை அன்றுதான் பார்த்தார். அந்தப் பதினோராவது படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

ரயிலில் திரும்பும்போது பாந்த்ரா தாண்டியது. பிறகு ஜெசியிடம் கேட்டார்.

“அமெரிக்கா சீரியல்லயும் இப்படித்தான் செஞ்சிருப்பானுவளோ?”

“எங்கயும் இப்படித்தாம்ப்பா.”

“ம்.” சன்னலுக்கு வெளியே பார்த்தார். “அந்தத் தம்பி வீட்டுல சோபா செவத்தோட ஒட்டித்தான கெடந்துச்சு?”

“ஆமா.”

“கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தாம்லா?”

“ஆமாப்பா.”

“அப்ப அது நெச வீடுதான் மக்ளே” என்றார். ஜெசி ஜனக்கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். மாஹிமில் இறங்கவே மறந்திருப்பார்கள், நான்தான் இழுத்து இறக்கினேன்.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சியே கால் போடச் சொன்னார். டேனியல் பயந்துகொண்டே வந்து உட்கார்ந்தான்.

“தம்பி, அன்னைக்குத் தண்ணி வந்துட்டுன்னு சத்தம் போட்டாரே, பிடிச்சு வச்சியளா?”

“பிடிச்சோம் மாமா. அப்ப கட்டடத்துல பைப் மாத்துனாங்க. ரெண்டு நாளா தண்ணியே வராம இருந்துச்சு.”

“எத்தன வாளி இருக்கு?”

“ஒண்ணுதான் மாமா. மூணு பேருக்கும்.”

அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, உலகத்திலேயே பெரிய அநியாயத்தைக் கேட்டதுபோல் தலையாட்டினார். பிறகு ஜெசியைப் பார்த்து, “ஏட்டி, போவும்போது ரெண்டு வாளி எடுத்துட்டுப் போ. மூடியுள்ளதா எடு” என்றார். அதுதான் சம்மதம். அந்த வீட்டில் ‘சரி’ என்ற வார்த்தை அப்படித்தான் வந்தது.

கல்யாணம் முடிந்து ஜெசி போய் ஒன்றரை வருடமாகிறது. வாளிகளும் கூடவே போயின, ஒன்றுக்குள் ஒன்றாக, உள்ளே கருவாட்டுப் பொட்டலத்தோடு. டிவி பார்க்கும்போது சத்தத்தை அணைக்கும் மனிதர், மகள் கால் வரும்போது சந்தே கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார். ஆளையும் பார்க்கிறார்.

போன வாரம் நான் இருக்கும்போது கால் வந்தது. ஜெசி போனைத் திருப்பிக் காட்டினாள். அவர்களுடைய சின்ன ஹாலில் சோபாவை இழுத்து நடுவில் போட்டிருந்தாள். வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு, பக்கவாட்டில் மெல்ல மெல்ல அதைச் சுற்றி நடந்து காட்டினாள். “எப்பா, பாத்தியளா?”

அண்ணாச்சி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“செவத்தோட ஒட்டிப் போடு மக்ளே. எங்கயாவது இடிச்சுக்கிடப்போற.”

அவருடைய சோபா மட்டும் இன்னும் நடுவில்தான் கிடக்கிறது. எல்லாம் தெரிந்த பிறகும் எதற்கு என்று கேட்டேன். “பேரப்புள்ள வந்து சுத்தி ஓடணும்லா” என்றார். நான் எப்போது போனாலும், யாரும் சொல்லாமலே, வயிற்றை எக்கிக்கொண்டு சோபாவை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் உட்காருகிறேன். எங்கள் சந்தில் அதைவிடப் பெரிய வீடு எனக்குத் தெரியாது.