பத்துக் குப்பையும் ஒரு மூன்றாம் பாகமும்

பதினொன்றில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை. புதன்கிழமை காலை பல் தேய்க்கும்போதே இந்த முடிவை எடுத்துவிட்டேன். கண்ணாடியைப் பார்த்து ஒருமுறை சத்தமாகச் சொல்லியும் பார்த்தேன். வாயெல்லாம் நுரையாக இருந்ததால் வீரம் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்தது.

விஷயம் இதுதான். 'கண்ணாடி ராஜ்ஜியம்' என்றொரு வீடியோ கேம். வாள், மந்திரம், சாபம் பிடித்த ராஜா, ஊர் ஊராக நடந்து பேய்களோடு மல்லுக்கட்டும் ஒரு பையன். முப்பத்தைந்து வருஷத்தில் பதினோரு பாகம் வந்தாயிற்று. பதினொன்றும் என்னிடம் இருக்கின்றன. இரண்டு பாகத்துக்கு ஒருமுறை மெஷினை மாற்றித் தொலைப்பார்கள் என்பதால் மெஷின்களே ஆறு. அப்புறம் ஒரு பழைய டிவி, ஒரு புது டிவி, வழிகாட்டிப் புத்தகங்கள், சுவரெல்லாம் வரைபடம். இவ்வளவும் எங்கள் வீட்டில் நாலரைப் பாய் விரிக்கும் அளவுள்ள ஒரு சின்ன அறையில் அடங்கியிருந்தன. ஒஸாகாவில் கடைக்கு மேல் குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய சொத்து என்று. இழுத்தால் முழுசாகச் சாத்திக்கொள்ளும் கதவு எங்கள் வீட்டில் அந்த ஓர் அறைக்குத்தான்.

அந்த அறையைத்தான் என் மனைவி மிட்சுயோ கேட்டாள்.

"எனக்கு ஒரு கதவு வேணுங்க."

"கதவா? கீழ கடையில நாலு கிடக்கு. பிடிச்சதை எடுத்துக்கோ."

"அந்தப் பக்கம் ரூம் இருக்கற கதவு."

"ரூமுக்குள்ள என்ன பண்ணப் போறே?"

"சாத்திக்கப் போறேன். இருபத்தாறு வருஷமா சமையல்கட்டுலயே உக்காந்திருக்கேன். தண்ணி குடிக்க வந்தா என்னைத் தாண்டிப் போறீங்க. ஒரு தடவையாவது யாரும் தாண்டாத இடத்துல உக்காரணும்."

நியாயம்தான். ஆனால் நியாயத்துக்குத் தலையாட்டினால் நான் இத்தனை நாள் பிழைத்திருக்க முடியாது. பதினைந்து வயதில் மீன் மார்க்கெட்டில் பெட்டி தூக்கியவன் நான். எனக்குப் பேரம் சொல்லிக்கொடுத்தது என்னை ஏமாற்றியவர்கள். முதன்முதலாக வாங்கிய குளிர்சாதனப் பெட்டியில் மோட்டாரே இல்லை. உள்ளே ஒரு செங்கல் இருந்தது. செங்கல் மட்டும் நல்ல செங்கல். அதிலிருந்து தொடங்கி இன்று ஒரு பழைய சாமான் கடைக்கு முதலாளி. எனக்குக் கோபம் வந்து கத்தினால் கடைத்தெருவுக்கு மேல் போட்ட கூரையில் இருக்கும் புறாக்கள் இடம் மாறும்.

எங்கள் தொழிலில் இரண்டு நாக்கு வேண்டும். விற்கும்போது ஒன்று, வாங்கும்போது ஒன்று. எனக்கு வாங்கும் நாக்கு கொஞ்சம் நீளம். ராஜா வீட்டுப் பீரோவைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், "காலு குட்டை, கைப்பிடி லொடலொடங்குது, கதவு அழுவுது" என்று நான் ஆரம்பித்தால், கொண்டுவந்தவர் பீரோவை விட்டுவிட்டுத் தலைகுனிந்து போய்விடுவார்.

கடை விடுமுறையான அந்தப் புதன்கிழமை, மிட்சுயோ பார்லி டீயோடு அறைக்குள் வந்தாள். சண்டைக்கு வருவாள் என்று தயாராக இருந்தேன். சண்டையே போடவில்லை. அலமாரி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஆறாம் பாகத்தின் டப்பாவை எடுத்து முந்தானைத் துணியால் துடைக்கிற மாதிரி ஏப்ரனால் துடைத்தாள்.

"என்ன அழகுங்க இது! பதினொண்ணுலயும் ஆறாம் பாகம்தான் ஒசத்தியாமே. தகிகாவா தம்பி சொல்லுது."

எனக்குக் காது சூடானது.

"யாரு? அந்த ஊறுகாய்க்காரனா?"

"ஊறுகாய்க்காரன் இங்கதான் இருக்கேன், அண்ணே," என்று படியேறி வந்தான் தகிகாவா. அடுத்த கடைக்காரன். கையில் ஒரு தட்டு முள்ளங்கி ஊறுகாய். விடுமுறை நாளில் இவனை யார் கூப்பிட்டார்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"ஆறுல நம்ம பையன் அழுவான் பாருங்க அண்ணே, கல்லும் கரைஞ்சிடும்."

"அவன் அழுகையை நிறுத்தினாத்தானேடா சண்டை போட! கீழ பேய் ஊரைத் தின்னுக்கிட்டிருக்கு. இவன் மலை உச்சியில உக்காந்து முடியைக் கோதிக்கிட்டிருக்கான். மூணாம் பாகத்தைப் பாரு. அதுல பையன் வாயே திறக்க மாட்டான். ஒரு வார்த்தை பேசாம உலகத்தைக் காப்பாத்தினான்!"

"நீங்களும் அப்படி முயற்சி பண்ணலாம்," என்றாள் மிட்சுயோ. ஆறாம் பாகத்தைத் தன் இடதுபக்கம் பாயில் வைத்தாள். "நாலாம் பாகம் மட்டும் லேசுப்பட்டதா? சமையல்காரன் கதாநாயகனா வர்ற ஒரே பாகம்."

"அதான் கேடு! நாப்பது மணி நேரம் காளான் பொறுக்கணும். பொறுக்கின காளானை வறுத்துக் குடுத்தா அரக்கன் சமாதானமாயிடுவான். இது சாகசமா, சாப்பாட்டுக் கடையா?"

நாலாம் பாகம் பாய்க்குப் போனது.

"ஏழு நல்ல நீளம். நிறைவா இருக்கும்," என்றான் தகிகாவா.

"நீளமா? முதல் பேய் வர்றதுக்குள்ள எனக்குக் கண்ணாடி பவர் ஏறிப் போச்சுடா!"

"ஒன்பது கைக்கு அடக்கமா..."

"உள்ளங்கை அளவு திரை. அதுல மகாராஜா கொசு மாதிரி நிக்கிறான். கொசுவுக்கு ஒரு கிரீடம் வேற!"

"பத்துல ஊரே சேர்ந்து விளையாடலாம், அண்ணே."

"விளையாடினேனே! எட்டு வயசுப் பொடிசு என்னைப் பார்த்து, 'தாத்தா, ஓரமா நில்லுங்க, நாங்க சண்டை போடணும்'னுது. நானும் நின்னேன்டா! மூணு வாரம் ஓரமா நின்னேன்!"

"புதுசு எப்படிங்க?" என்றாள் மிட்சுயோ. "பதினொண்ணுல ஒவ்வொரு புல்லும் தனித்தனியா ஆடுதே."

"புல்லு நல்லா ஆடுது. ஆட்டம் எங்க?"

இப்படியே போனது. அவர்கள் விற்கிறவர் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். வாங்குகிறவர் பக்கம் காலியாக இருந்தது. முப்பத்தைந்து வருஷப் பழக்கம், என் கால் தானாகப் போய் அங்கே நின்றது. இரண்டை, ஐந்தை, எட்டை என்ன சொன்னேன் என்பதே நினைவில்லை. மரியாதையான வார்த்தைகள் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. கடைசியில் தகிகாவா முதல் பாகத்தை எடுத்தான்.

"இதையாவது விட்டுடுங்க அண்ணே. எல்லாத்துக்கும் தாய் இது."

"தாயா? அந்த ஊர்ல மொத்தம் பதினாலு பேரு. பதினாலு பேருக்கும் ஒரே வசனம். 'வடக்கே போகாதே.' கிழக்கே எப்படிப் போறதுன்னு கேட்டாலும் வடக்கே போகாதே! மூணாம் பாகம்தான்டா பாகம். அது முன்னால மத்த பத்தும் நிக்க முடியாது!"

தகிகாவா தலையைக் குனிந்தான். ஜெயித்துவிட்டேன். ஊறுகாய் ஒன்றை எடுத்து வெற்றியோடு கடித்தேன்.

"அப்போ இந்தப் பத்தும் ஒண்ணுக்கும் உதவாது," என்றாள் மிட்சுயோ.

"உதவாது!"

"யாராவது சும்மா கேட்டா?"

"சும்மாவே குடுக்கலாம். தூக்கிட்டுப் போறவங்களுக்கு நன்றியும் சொல்லணும்."

"நான் கேக்கறேன். மெஷினு, டிவி எல்லாத்தோடயும். மூணாம் பாகம் ஒண்ணை வெக்கறதுக்கு ரூம் எதுக்குங்க? கல்லா மேஜை இழுப்பறை போதுமே."

நான் வாயைத் திறப்பதற்குள் தகிகாவா கையைத் தூக்கிவிட்டான். "தட்டிடலாமா?"

எங்கள் பக்கத்துக் கடைத்தெருக்களில் பேரம் முடிந்தால் கை தட்டுவோம். எல்லோரும் சேர்ந்து இரண்டு, மறுபடி இரண்டு, அப்புறம் மூன்று. தட்டி முடித்த பேரத்தை உடைத்தவனுக்கு எங்கள் தெருவில் ஒரு முள்ளங்கிகூட விற்க மாட்டார்கள். முதல் இரண்டை அவர்கள் தட்டினார்கள். அடுத்த இரண்டில் என் கை, என்னைக் கேட்காமலே சேர்ந்துகொண்டது. மூன்றில் மற்ற இரண்டு பேரையும்விட நான்தான் சத்தமாகத் தட்டினேன் என்று தகிகாவா இன்றும் சொல்கிறான்.

திரும்பிப் பார்த்தேன். அலமாரியில் மூன்றாம் பாகம் மட்டும், பொக்கை வாயில் ஒற்றைப் பல்லாக நின்றது.

"நன்றி," என்றாள் மிட்சுயோ. "நீங்கதான் சொல்லணும். இருந்தாலும் நானே சொல்லிடறேன்."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் உள்ளே போனாள். கதவு முழுசாகச் சாத்திக்கொண்டது. நான் சமையல்கட்டில், அவள் உட்காரும் இடத்தில், மூன்றாம் பாகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதைப் போடும் மெஷின் உள்ளே இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆறாம் பாகத்தின் ஆரம்ப இசை கேட்டது. பிறகு அவள் தண்ணீர் குடிக்க வந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். திரும்பவும் தாண்டிப் போனாள். அந்த இடத்தில் உட்கார்ந்தால் மனிதன் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறான் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று.

மூன்றரை மணிக்கு என்னால் பொறுக்க முடியவில்லை. கை தட்டிய பேரத்தை உடைக்கக் கூடாது. சரி. ஆனால் போன சரக்கை மறுபடி கேட்டு வாங்கக் கூடாது என்று எவன் சொன்னான்? அறை அவளுக்கே இருக்கட்டும். கதவு அவளுக்கே இருக்கட்டும். பத்தையும் திரும்ப வாங்கிக் கடைக்குப் பின்னால் ஒரு மூலையில் வைத்துக்கொள்கிறேன். கதவைத் தட்டினேன்.

ஒரு சாண் திறந்தது. "என்னங்க?"

"அந்தப் பத்தும் வேணும்."

"குப்பைன்னீங்க?"

"கோபத்துல சொன்னது."

"எதுக்கு வேணும்னு சொல்லுங்க. நியாயமா இருந்தா பார்க்கலாம்."

வாங்க வந்தவன் சரக்கைப் புகழக் கூடாது. இது தொழிலின் முதல் பாடம். ஆனால் அந்த ஒரு சாண் இடைவெளியில் அவள் முகத்தைப் பார்த்ததும் என் வாங்கும் நாக்கு உள்ளேயே சுருட்டிக்கொண்டது.

"ஆறுல அந்தப் பையன் அழுதான்ல," என்றேன். "நானும் அழுதேன். அம்மா இறந்துபோன வருஷம் அது. வேற எங்கயும் எனக்கு அழுகை வரல. அவன்கூட உக்காந்துதான் அழுதேன்."

கதவு இன்னும் இரண்டு விரல் நகர்ந்தது.

"நாலு நமக்குக் கல்யாணமான புதுசுல வந்தது. கடையில வாடிக்கையாளரே இல்லை. காளான் எங்கெங்க முளைக்குதுன்னு நீதான் நோட்டுல எழுதினே. மொத்தம் நூத்துப் பன்னெண்டு காளான். அந்தக் குளிர்காலத்துல நாம கண்டுபிடிச்ச ஒரே நல்ல விஷயம் அதுதான்."

"நூத்துப் பதிமூணு," என்றாள் அவள் மெதுவாக.

"ஏழு நீளம்தான். என் இடுப்பு பிடிச்சுக்கிட்டு ரெண்டு மாசம் படுத்திருந்தேனே, நீளமா இல்லேன்னா நான் பைத்தியமாகியிருப்பேன். ஒன்பது... உங்கப்பா காரியத்துக்குக் கப்பல்ல போனோமே. நீ என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டே. நான் சத்தத்தை அணைச்சுட்டு அந்தக் கொசு ராஜாவோட நாலு மணி நேரம் உக்காந்திருந்தேன். கை மரத்துப் போச்சு. நீ முழிச்சுக்குவேன்னு அசைக்கல."

மிட்சுயோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். ஏப்ரனால் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டாள். அவள் கண் ஈரமாக இருந்தது. எனக்குள் இருந்த வியாபாரி எழுந்து நின்றான். இதுதான் சமயம். இனி கேட்டால் கிடைக்கும். ஒன்று விடாமல் பத்தையும் புகழ்ந்தேன். வடக்கே போகாதே என்ற அந்தப் பதினாலு பேரையும் ஒவ்வொருவராகப் புகழ்ந்தேன். ஓரமாக நின்ற மூன்று வாரத்தைக்கூட விடவில்லை. சொல்லி முடித்தபோது எனக்கே மூச்சு வாங்கியது.

"இவ்வளவு ஒசந்ததாங்க எல்லாம்?" என்றாள்.

"சத்தியமா."

"நல்ல வேளை சொன்னீங்க," என்று கதவைச் சாத்தினாள். "தெரியாம உங்ககிட்டயே திருப்பிக் குடுத்திருப்பேன்."